பீடி உண்டா என்று கேட்டார்கள், என்ன வேலை என்று கேட்கவில்லை

எங்கள் பெரியப்பா கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் 22 வருஷம் ஃபெட்லிங் வேலை பார்த்தவர். மணல் அச்சில் ஊற்றி ஆறிய வார்ப்பில் ஒட்டியிருக்கிற மண்ணையும் பிசிறையும் ஹேண்ட் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்கிற வேலை அது. நம் தோட்டத்துப் பம்புசெட்டெல்லாம் இப்படி ஒருத்தர் கையில் தேய்ந்து வந்ததுதான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் கருஞ்சாம்பலாகப் படிந்திருக்கும். பெரியம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைத்துவிடுவார். பெரியப்பாவைக் கேட்டால், "பழகிருச்சு கண்ணு" என்பார்.

2016-ல் இருமல் ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததும் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஆனாலும் மாத்திரை. மூச்சுவாங்கல் கூடியதும் மறுபடி ஒரு சுற்று. போன இடத்திலெல்லாம் பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார்கள், என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது வருஷம் ஒரு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, எங்க வேலை பாத்தீங்க, என்ன மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். அப்புறம் சி.டி. ஸ்கேன். சிலிக்கோசிஸ், மணலில் இருக்கிற சிலிக்கா தூசியால் வருகிற நுரையீரல் நோய்.

காசநோய் என்று சந்தேகப்பட்டதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சிலிக்கா தூசி புகுந்த நுரையீரலில் காசநோய் சுலபமாக வரும், அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வந்துவிடும். ஆளைச் சாய்ப்பது கண்ணுக்குத் தெரியாத தூசி, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கிற செல் அதை விழுங்கும், செரிக்க முடியாமல் செத்துப்போகும், துகள் வெளியே விழும், அடுத்த செல் வந்து விழுங்கும். இப்படியே அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, இறுகிவிடும். வேலையை விட்டு வருஷங்கள் ஆன பிறகும் இது உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது.

மணல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலோகம் வெட்டுகிற கார்பைடு டூலைச் சாணை பிடிக்கிறவர்களுக்கு அதில் இருக்கிற கோபால்ட்டால் நுரையீரல் அழற்சி வரலாம். பெரிலியம் என்ற உலோகத்தால் வருகிற நோயும், இன்ன காரணம் என்று தெரியாமல் நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் வருகிற சார்காய்டோசிஸ் என்ற நோயும் ஸ்கேனில் மட்டுமல்ல, திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கும். 1940-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டியூப் லைட் தொழிற்சாலைப் பெண்களுக்கு வந்ததை முதலில் சார்காய்டோசிஸ் என்றுதான் சொன்னார்கள். ஹாரியட் ஹார்டி என்ற டாக்டர் அவர்கள் பார்த்த வேலையைத் தோண்டித் துருவிய பிறகுதான், 1946-ல் அது பெரிலியத்தால் வந்தது என்ற விஷயம் வெளியே வந்தது.

சிலிக்கோசிஸைக் கண்டுபிடிக்கிற டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. பெரியப்பா விஷயத்தில், எங்களுக்குத் தெரிந்தவரை, யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தப் பட்டறைக்கு ஒரு ஆய்வாளராவது போயிருப்பார், பக்கத்தில் நின்று தேய்த்த மற்றவர்களுக்கும் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை, ஈ.எஸ்.ஐ. இல்லை, பேர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. இவர்களுக்கு நோய் வந்தது என்பதற்குச் சாட்சி அந்த ஒரு டாக்டர் சீட்டுதான்.

முதலாளி கொடுத்தது துண்டு. துண்டு அந்தப் பொடியைத் தடுக்காது. கிளம்புகிற இடத்திலேயே தூசியை உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வேண்டும், முடிகிற வேலையை ஈரத்தில் செய்ய வேண்டும், அதற்கும் மேல்தான் முகத்தில் சரியாகப் பொருந்துகிற என்95 மாஸ்க். இதற்கெல்லாம் காசு ஆகும், தெரியும். பெரியப்பா வீட்டில் ராத்திரியெல்லாம் ஓடுகிற ஆக்சிஜன் மெஷினுக்கும்தான் காசு ஆகிறது, அதை நாங்கள் கட்டுகிறோம்.

என் தம்பியும் இப்போது ஃபெட்லிங்தான். போன வாரம் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனேன். பதிவுச் சீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினான். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'ஃபவுண்டரி ஃபெட்லிங், 9 வருஷம், மணல் தூசி' என்று எழுதிக் கொடுத்தேன்.