அம்மாவின் முதுகில் ஒட்டிய 480 வெள்ளி

சந்தன நிறப் பட்டுச்சேலை. முதுகிலிருந்து இடுப்புக்குக் கீழே வரைக்கும் கருப்புக் கருப்பாகச் செதில். கோலகங்சார் கல்யாண மண்டபத்து வாசலில் என் காடியை விட்டு இறங்கி அம்மா நாலு எட்டுதான் வைத்திருப்பார். பின்னால் வந்த சின்னம்மா, “அக்கா, நில்லுங்க. சேலையில என்ன அப்பியிருக்கு?” என்று கேட்டார். திரும்பிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் காடியின் சீட் கவர். செமி லெதர். எட்டு மாதத்துக்கு முன் 480 வெள்ளி கொடுத்துப் போட்டது.

கைக்குட்டையால் தட்டினேன், விழவில்லை. தேய்த்தேன், மை மாதிரி இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் நானும் சின்னம்மாவும் மண்டபத்துச் சுவர் ஓரமாக அம்மாவை நிறுத்தி, நகத்தால் ஒவ்வொரு செதிலாக எடுத்தோம். எரிந்த காகிதம் மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் பிசுபிசுப்பு. அந்தப் பிசுபிசுப்புப் பக்கம்தான் பட்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. மாமா மகள் கல்யாணம் அது. அம்மாதான் அத்தை. முதல் வரிசைத்தட்டை அவர்தான் எடுத்துப் போக வேண்டும். “நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க, நான் பின்னாடியே வர்றேன்” என்று சொல்லித் தட்டைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டார். பிறகு கடைசி வரிசையில் சுவரை ஒட்டினாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், தாலி கட்டி முடியும் வரை எழுந்திருக்கவில்லை. போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். கால் வலி என்றார். அவருக்குக் கால் வலியே கிடையாது.

நாலு நாள் ஆகிவிட்டது. அந்தச் சுவரும் நாற்காலியும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்த சீட் கவரை எதற்குப் போட்டேன்? மகன் பின்சீட்டில் மைலோ பாக்கெட்டைக் கொட்டிவிட்டான். பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்களே, ஸ்ட்ரா குத்தினது, அது. துணி சீட்டில் தட்டு அளவுக்குக் கறை. காடிக்கு 9 வருஷக் கடன். இன்னும் ஆறு வருஷம் கட்டணும். அதற்குள் சீட் இந்தக் கதி ஆகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. கடன் காடி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த அடிப்பு இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஈப்போ போகும் வழியில் ஒரு அக்சசரி கடை. துணி கவர் 150, செமி லெதர் 480, நாப்பா என்கிற விலை கூடின ரகம் 900. “நாப்பா வேணாம்னா செமி லெதர் போடுங்க பாஸ். தொடைச்சா போயிடும். நாளைக்கு விக்கிறப்ப ஒரிஜினல் சீட் புதுசு மாதிரி இருக்கும், வெல கூட வரும்.” இதே வார்த்தைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டுதான்.

அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், செமி லெதர். பாதி தோல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் தோல் என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை. அடியில் துணி, மேலே பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்ல முறிந்து துணியிலிருந்து கழன்று உரியும். அந்த ரகமே அப்படித்தான். உட்காராமல் சும்மா வைத்திருந்தாலும் ஈரக் காற்றில் உரியும். பழைய கைப்பையும் சப்பாத்தும் அலமாரிக்குள்ளேயே உரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. பிவிசி என்கிற இன்னொரு பிளாஸ்டிக் ரகம் வேறு மாதிரி கெடும். அதை மெத்தென்று வைத்திருக்கிற பொருள் வெயிலில் வெளியேற வெளியேற, அப்பளம் மாதிரி விறைத்து வெடிக்கும். நம் நாட்டில் ஈரத்துக்கும் சூட்டுக்கும் என்ன குறை? நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில். தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்கிற தைப்பிங் இங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. காலையில் மண்டை பிளக்கும் வெயில், நாலு மணிக்கு மழை, நனைந்த சட்டையோடு காடியில் ஏறுவது. இதுதான் வருஷம் முழுக்க. இந்த ஊர் ஆளிடம் இந்தப் பொருளை விற்கும்போது கடைக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். செதிலை ஒரு உறையில் போட்டு எடுத்துப் போனேன். சேலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். ரசீதும் கையில் இருந்தது. கல்லாவில் இருந்தவர் செதிலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பாஸ், உங்க அம்மா தலைக்கு எண்ணெ வைப்பாங்களா?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் வாயே வரவில்லை. என் அம்மாவுக்கு 71 வயது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். எண்ணெய் வைப்பாங்களாவாம். வைப்பார். அவர் அம்மாவும் வைத்தார். நம் வீட்டில் எந்தப் பாட்டி வைக்காமல் இருக்கிறார்? தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர்களில் கடை நடத்திக்கொண்டு, தேங்காய் எண்ணெய் பட்டால் உரிந்துவிடும் பொருளை விற்றுவிட்டு, பழியைத் தூக்கி என் அம்மா தலையில் போடுகிறார். எண்ணெய் என்றால் தலை படுகிற இடத்தில்தானே உரியணும், இடுப்புக்குக் கீழே எப்படி உரிந்தது என்று கேட்டேன். அது வேர்வையாம். தொடைப்பக்கம்? அது வெயிலாம். சரி, எண்ணெய் வேண்டாம், வேர்வை வேண்டாம், வெயில் வேண்டாம். அப்புறம் யார்தான் அந்த சீட்டில் உட்காருவது?

வாரண்டி ஒரு வருஷம் என்று சொன்னீர்களே என்றேன். அது தையலுக்கு மட்டுமாம். தையல் பிரிந்திருக்கிறதா என்று கேட்டார். பிரியவில்லை. தையல் இரும்பு மாதிரி இருக்கிறது, தைத்த பொருள்தான் சாம்பலாகப் போய்விட்டது. ரசீதின் அடியில் விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று மலாயில் அச்சடித்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் ஒரு குடும்பம் புது காடிக்கு செமி லெதர் நிறம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் என் உறையில் இருந்த செதிலைக் காட்டினேன். அப்போதுதான் கல்லாவில் இருந்தவர் எழுந்து வெளியே வந்தார். “அண்ணே, இங்க சத்தம் போடாதீங்க” என்றார். அதுவரை பாஸ், அப்புறம் அண்ணே.

அன்றைக்கு ராத்திரியே விளக்கைப் போட்டுக்கொண்டு போர்ச்சில் உட்கார்ந்து எல்லாக் கவரையும் கழற்றினேன். வயிறு எரிந்தது அங்கேதான்.

கவரை இறுக்க அடியில் பிளாஸ்டிக் டை போட்டு முறுக்கியிருந்தார்கள். அதன் வெட்டிய முனை ஒவ்வொன்றும் ஒரிஜினல் துணியைக் குத்திக் கிழித்திருக்கிறது. முன்சீட்டில் மட்டும் ஏழு ஓட்டை. பின்சீட் கவரைத் தூக்கியதும் ஒரு புளித்த வாடை வந்தது. கறையை மறைக்கத்தான் கவர் போட்டேன். அதற்குப் பிறகு கொட்டிய தண்ணீரும் மழை ஈரமும் தையல் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, வெளியேற வழி இல்லாமல் எட்டு மாதம் அங்கேயே கிடந்திருக்கிறது. சாம்பல் நிறத் துணி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. விரலை வைத்தால் மாவு மாதிரி எழும்புகிறது. பழைய மைலோ கறை ஓரத்தில் பச்சையாகிவிட்டது. கவர் போடாமல் விட்டிருந்தால் அந்த சீட்டில் ஒரே ஒரு கறைதான் இருந்திருக்கும். விற்கும்போது விலை வரும் என்றாரே, இந்த சீட்டைப் பார்த்து எவன் விலை கொடுப்பான்?

இன்னும் இருக்கிறது. முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டி ஒன்று தைத்திருக்கும். உங்கள் காடியிலும் இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் மோதினால் அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் காற்றுப் பை வெளியே வரும். அதனால் கவரில் அந்த இடத்தைத் திறந்து விடணும், இல்லையென்றால் சட்டென்று பிரிகிற மாதிரித் தைக்கணும். என் காடியில் அந்தப் பட்டிமேல் இரட்டைத் தையல் போட்டு மூடியிருந்தார்கள். எட்டு மாதம் என் மனைவி அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து வந்தாள். பின்சீட்டில் பெல்ட் மாட்டுகிற கொக்கி இரண்டு, கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. பின்சீட்டில் பெல்ட் போடுவது 2009-லிருந்து சட்டம். குழந்தை இருக்கை 2020-லிருந்து சட்டம். அதை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கம்பியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். கவர் போட்ட அன்றைக்கே கொக்கி எங்கே என்று கேட்டேன். “பின்னால யாரு பாஸ் பெல்ட் போடுறா?” என்றான் கவர் மாட்டிய கடைப் பையன். நானும் பேசாமல் வந்துவிட்டேன். அதற்காக என்னையே நான் மன்னிக்க முடியவில்லை.

கணக்குப் போட்டேன். 480-ஐ எட்டால் வகுத்தால் மாதம் 60 வெள்ளி. எங்கள் ஊர் காடி கழுவும் கடையில் நாலு சீட்டையும் நுரை போட்டு உறிஞ்சிச் சுத்தம் செய்ய 180 வெள்ளி. மைலோ கொட்டிய அன்றைக்கே அங்கே போயிருந்தால் முடிந்திருக்கும். அந்த 480-க்கு இரண்டு தடவை கழுவி, மிச்சத்தில் அம்மாவுக்கு இன்னொரு சேலையும் எடுத்திருக்கலாம்.

கவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மச்சான் பழைய கஞ்சில் காடி வைத்திருக்கிறான். சின்னத் தோட்டத்தில் பால் வெட்டி, கட்டிப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, மூட்டையாகக் கட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு வருவான். கட்டிப்பால் தண்ணீர் ஒரு சொட்டு சீட்டில் பட்டால் அந்த நாற்றம் மாசக்கணக்கில் போகாது. செம்பனை வெட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான், பழ எண்ணெய் பட்டால் மஞ்சள் கறை நிரந்தரம். அவர்களுக்குக் கவர் அவசியம். ஆனால் மச்சான் என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? இரண்டு பழைய பாத்தேக் கைலி. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒன்று 15 வெள்ளிக்கு வாங்கி ஒரு வருஷம் உடுத்தியது. சீட்டின்மேல் விரித்து, ஓரத்தைத் தலைக்கட்டை அடியில் முடிந்திருக்கிறான். பருத்தித் துணி. வேர்வையை இழுக்கும், வெயிலில் சுடாது. சனிக்கிழமை கழற்றி வாஷிங் மெஷினில் போட்டால் மத்தியானம் காய்ந்துவிடும். கொக்கியும் மறையாமல், ஏர்பேக் ஓரமும் மூடாமல் விரிக்கலாம். மொத்தம் 30 வெள்ளி. கவர் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து ஒரு கைலி இருக்கிறதா பாருங்கள். அப்படியும் கடையில்தான் வாங்கணும் என்றால் கழற்றித் துவைக்கிற துணி கவர் வாங்குங்கள். பெல்ட் கொக்கிக்கு ஓட்டை இருக்கிறதா, ஏர்பேக் பக்கம் திறந்திருக்கிறதா என்று கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்தக் கடையை நான் விடப்போவதில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 என்று ஒன்று இருக்கிறது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கணும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். ரசீதின் அடியில் இரண்டு வரி அச்சடித்து அதிலிருந்து கடைக்காரர் தப்பிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம். வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நான் கேட்கப்போவது 480-ம், சீட் கழுவுகிற 180-ம். அம்மாவின் சேலைக்கு என்ன விலை போடுவது என்றுதான் தெரியவில்லை. மனுப் பாரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் முதல் வேலையாகப் பின்சீட்டைக் கழற்றிப் போர்ச்சில் போட்டுச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பூஞ்சையெல்லாம் நுரையோடு எழும்பிச் சாம்பல் நிறமாக ஓடியது. சரி, ஒரு வழியாகத் தெளிகிறது, அலசிவிடலாம் என்று குழாயைத் திறந்தால் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. தண்ணீர் இல்லை. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. முன்கூட்டி ஒரு குறுஞ்செய்தி கிடையாது, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. போன் அடித்தால் பாட்டுதான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா தலையில் ஷாம்பு நுரையோடு வாசலுக்கு வந்து, “தம்பி, ஒங்க வீட்டுலயும் நின்னுருச்சா?” என்று கேட்கிறார். எங்கள் தாமான், இந்தக் குடியிருப்பு முழுக்க வாளியோடு நிற்கிறது. பில் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. ஒரு நாளாவது அது வராமல் நின்றிருக்கிறதா? சீட் நுரையோடு வெயிலில் காய்கிறது. மணி பதினொன்று ஆகப்போகிறது, தண்ணீர் இன்னும் வரவில்லை.