மெசின் வரும், பெடியன் வருவானா?

போன மாதம் தோட்டத்து வாட்டர் பம்பின் சுழலும் தண்டு (சாஃப்ட்) தேய்ந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் சுன்னாகம் பக்கம் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு எழுபதுக்குக் கிட்ட வயது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் பிடித்து, திரும்ப லேத்தில் ஏற்றிச் சீவினார். அளக்கிற கலிப்பர் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொடாமல் முதலில் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "இன்னும் ஒரு மயிரிழை கிடக்கு" என்றார். பிறகு கலிப்பரை வைத்தால், சொன்னது சரி.

"பழக ஒருத்தரும் இல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"இருந்தவன் தையில பிரான்சுக்குப் போட்டான். அவனுக்கு முதல் நிண்டவன் ஓட்டோ எடுத்திட்டான். நான் படுத்தால் இந்த லேத்தை இரும்பு விலைக்கு நிறுக்க வேண்டியதுதான்."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டுக்குப் போன தொழிற்சாலைகளைத் திருப்பிக் கொண்டுவருவதைப் பற்றித்தான் இப்போது உலகம் முழுக்கப் பேச்சு. அமெரிக்கா 2022 இல் கணினிச் சிப் தயாரிப்புக்காக மட்டும் 50 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கிச் சட்டம் போட்டது. 2025 இல் ஊர் உலகத்துக்கெல்லாம் இறக்குமதி வரி விதித்தது. இலங்கைக்கு முதலில் 44 வீதம் என்றார்கள், பிறகு 20 இல் வந்து நின்றது. கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வீடுகளில் அந்த நாலு மாதமும் என்ன கதை நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, காசும் சட்டமும் இருந்தால் தொழிற்சாலை வந்துவிடுமா? சிப் செய்யும் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் அரிசோனாவில் தொழிற்சாலை கட்டப்போவதாக 2020 இல் அறிவித்தது. 2024 இல் உற்பத்தி தொடங்கும் என்றது. 2023 ஜூலையில், முடியாது, 2025 ஆகும் என்றது. நுட்பமான இயந்திரங்களைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் அங்கே போதாது, தைவானிலிருந்து ஆள் கூட்டிவந்து பழக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பணத்துக்கோ நிலத்துக்கோ குறைவில்லாத நாடு அது. 1979 இல் அங்கே உற்பத்தித் துறையில் ஒரு கோடி தொண்ணூற்றைந்து லட்சம் பேர் வேலை செய்தார்கள். இன்று ஏறக்குறைய ஒரு கோடி இருபத்தேழு லட்சம். வேலை போனபோது வேலை தெரிந்த கைகளும் போய்விட்டன. மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தகப்பன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் யுத்தத்தோடு நின்றது. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பெரியவர் அங்கே சூளையில் வேலை செய்தவர். சுண்ணாம்புக்கல்லும் முருங்கன் களியும் 1450 பாகையில் வெந்து, அரைத்தால் சீமெந்தாகும் கிளிங்கர் கட்டியாக வேண்டும். நீலக் கண்ணாடிக்குள்ளால் சுவாலையைப் பார்த்தே "உள்ளுக்குப் பதம் காணாது" என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கண்ணை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க ஆளும் இல்லை, சூளையும் இல்லை. இடம்பெயர்ந்த வீட்டுத் திண்ணையில் இருந்தே செத்துப்போனார்.

இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என்று மூன்று கைத்தொழில் வலயங்களைப் பற்றி அரசாங்கம் பேசுகிறது. வரட்டும், நல்ல விசயம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பேரைத் திரும்பக் கேட்பதே ஒரு சந்தோசம்தான். ஆனால் எத்தனை ஏக்கர், எந்த முதலீட்டாளர் என்று கேட்கிற அளவுக்கு, அந்த மெசினுக்கு முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கட்டடம் இரண்டு வருடத்தில் எழும்பிவிடும். மெசினைப் பூட்டிப் பொருத்தத் தெரிந்த நல்ல ஃபிட்டர் ஒருவன் உருவாக அதைவிடக் கூடக் காலம் வேண்டும்.

பயிற்சி நிலையங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனமே வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் வேறொரு இடத்தில் படித்து என்.வி.கியூ. 4 என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வந்தான். லேத்தில் எத்தனை மணித்தியாலம் நின்றாய் என்று கேட்டேன். மெசின் பழுது அண்ணை, சேர் போர்ட்டில் கீறிக் காட்டினவர் என்றான். நீச்சலைக் கரும்பலகையில் படித்த மாதிரி. அவனில் பிழை இல்லை.

ஜெர்மனியில் தொழில் பழகுகிறவன் கிழமையில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலையில் நிற்பான், மிச்ச நாள் பள்ளிக்கூடம். தொழிலைப் பொறுத்து இரண்டிலிருந்து மூன்றரை வருடம் போகும், அவ்வளவு காலமும் சம்பளம் உண்டு. இங்கேயும் பழகுநர் முறை இருக்கிறது. கிடைக்கிற கொடுப்பனவு பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே காணாது. பதினெட்டு வயதுப் பெடியன் அதை நம்பி இருப்பானா, பாஸ்போட் எடுப்பானா?

என்னைக் கேட்டால், வலயத்துக்கு வேலி போட முதல் அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்துப் பழகுகிற பிள்ளைகளுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். பழக்குவதற்கு அந்த லேத் ஐயா மாதிரி ஆட்களைப் பிடிக்கலாம். அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை, அதனால் விரிவுரையாளராக விண்ணப்பிக்கவும் முடியாது என்பார்கள். அனுபவத்தைச் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. கொடுக்கிற வழி இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறதே. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர். அதைச் செய்து காட்டியவர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் இருந்தது? அவர்களுக்கும் இப்போது அறுபது, எழுபது வயது.

இன்னொன்று இருக்கிறது, அது எங்கள் வீட்டுக்குள் இருப்பது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று பழமொழி வைத்திருக்கிறவர்கள் நாங்கள். ஓ/எல் எழுதிவிட்டு வீட்டில் போனோடு கிடந்த மருமகனை அந்தப் பட்டறைக்கு அனுப்பலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "லேத்துக்கோ? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றா. ரியூசன் இல்லாத சனிக்கிழமைகளில் மட்டும் என்று கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன்.

மூன்று சனி போய்விட்டான். சீவல் தெறித்து முழங்கையில் ஒரு சின்னச் சூடு. "தேங்காய்ப்பூ மாதிரி இரும்பு வருது மாமா" என்று இரவுச் சாப்பாட்டில் ஒரே கதை. நேற்று ஐயாவைக் கண்டு எப்படிப் பெடியன் என்று விசாரித்தேன்.

"கை நல்லம். பாஸ்போட் எடுத்திட்டானோ எண்டு மட்டும் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ."