சி கற்க எந்தப் புத்தகம்? எடுத்ததும் கெர்னிகன்–ரிச்சி வேண்டாம்

சி என்ற கணினி நிரல்மொழியைப் படிக்க என்ன புத்தகம் என்று யார் கேட்டாலும், கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ (சுருக்கமாக கெர்னிகன்–ரிச்சி) என்றுதான் பதில் வருகிறது. அருமையான புத்தகம், 300 பக்கம்கூட வராது. ஆனால் மாறி, லூப், ஃபங்ஷன் போன்ற நிரலாக்க அடிப்படைகள் எல்லாம் ஓரளவு தெரிந்தவருக்குத்தான் இது என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்!

புதியவர்கள் கே. என். கிங் எழுதிய ‘சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்’, இரண்டாம் பதிப்பை (2008) எடுங்கள். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம். பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) 11ஆம் அத்தியாயத்தில்தான் வரும், அதற்குள் கை பழகிவிடும். மெமரி ஒதுக்கீடும் லிங்க்டு லிஸ்ட்டும் (பாயின்டரால் கோத்த பட்டியல்) வரும் 17 வரை வரிசையாகப் போனால் போதும். அத்தியாய முடிவில் வரும் கேள்வி-பதிலைத் தாண்டாதீர்கள். நமக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் அங்கேதான் தீரும்.

அதன்பின் கெர்னிகன்–ரிச்சி, 1988இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதிலுள்ள நிரல்களை அப்படியே அடித்தால் இன்றைய கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) முறைத்துக்கொள்ளும். நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் இன்ட் (முழு எண் வகை) இருக்காது. ஜிசிசி என்ற கம்பைலரின் 14ஆம் பதிப்பு முதல் அது எச்சரிக்கை இல்லை, பிழை. 1.9ஆம் பிரிவில் வரும் கெட்லைன் ஃபங்ஷனும் லினக்ஸில் மோதும், அதே பெயரில் சிஸ்டம் நூலகத்திலேயே ஒன்று இருப்பதால். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது சி89 என்ற பழைய தரத்தில் கம்பைல் செய்யுங்கள்.

இரண்டு இடங்களில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று பிரிவு 1.5.1: ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷன் தருவதை ஏன் இன்ட்டில் வாங்க வேண்டும்? எழுத்து வகையான கேரில் வாங்கினால், கேர் குறியுள்ளதாக (எதிர்ம எண்ணும் கொள்வதாக) இருக்கும் இன்டெல் கணினியில் 255 என்ற பைட் வந்ததுமே, அது கோப்பு முடிவைக் குறிக்கும் -1 ஆகத் தெரிந்து, கோப்பு முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் லினக்ஸில் கேர் குறியற்றது, -1 வரவே வராது, லூப் முடியவே முடியாது. இன்னொன்று பிரிவு 5.5: சரத்தை (எழுத்துத் தொடரை) அரேயில் வைப்பதற்கும் பாயின்டரால் சுட்டுவதற்கும் உள்ள வேறுபாடு. பாயின்டர் சுட்டும் சர மாறிலியில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள், லினக்ஸில் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், நிரல் அங்கேயே நின்றுவிடும். பழைய டாஸ் இயங்குதளத்தில் நினைவகப் பாதுகாப்பு இல்லாததால், அதில் ஓடும் டர்போ சி கம்பைலரில் அது சத்தமில்லாமல் ஓடிவிடும். ஆபத்தே அதில்தான்.

ஆகவே வாய்ட் மெயின், கோனியோ, கிளியர் ஸ்கிரீன் என்ற நிரல் வரிகளோடு தொடங்கும் டர்போ சி காலப் புத்தகங்கள் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரே கோவையில் ஐ பிளஸ் பிளஸ்ஸை (ஐ-யின் மதிப்பை ஒன்று கூட்டுவது) இரண்டு முறை போட்டு விடை கேட்கும் பயிற்சிகளையும் விட்டுவிடுங்கள். சி தரப்படி அதற்கு விடையே கிடையாது, கம்பைலர் எதை வேண்டுமானாலும் தரலாம்.