குந்திரிக்க எண்ணெயை முகத்தில் தடவும் முன்

குந்திரிக்க எண்ணெய்க்கு இப்போது சென்னையில் நல்ல கிராக்கி. 'ஃபிராங்கின்சென்ஸ் ஆயில்' என்று சின்னக் குப்பியில் வருகிறது. சுருக்கம் போகும், தழும்பு மறையும், மனசு அடங்கும் என்று எல்லாமே ஒரே லேபிளில். எண்ணெய் நல்ல பொருள்தான். அதனால்தான் அதன் பேரில் சொல்லப்படும் தப்பான விஷயங்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. மரத்தில் வடிந்து காய்ந்த பிசின், அதை நீராவியில் வடித்தெடுத்த எண்ணெய், தணலில் போட்டால் எழும் புகை, இவை மூன்றும் வேறு வேறு பொருட்கள். ஒன்றின் குணத்தை இன்னொன்றின் தலையில் ஏற்றித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

முதலில் தோல். வீக்கத்தைத் தணிக்கும் என்ற பெயர் குந்திரிக்கப் பிசினிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்களால் வந்தது. அவற்றின் மூலக்கூறு எடை 450க்கு மேல். அவ்வளவு கனமான சரக்கு நீராவியோடு ஏறி வராது. ஏறி வருவது ஆல்ஃபா பைனீன், லிமோனீன், தூஜீன் போன்ற 136 எடையுள்ள லேசான பொருட்கள். ஆகவே நீராவியில் வடித்த எண்ணெயில் பாஸ்வெல்லிக் அமிலத்தை எதிர்பார்க்க முடியாது. வெயிலில் மூப்படைந்த முகத்தோலுக்கு இத்தாலியில் ஒரு கிரீமைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2010ல் வந்தது, பலனும் தெரிந்தது. அந்த கிரீமில் இருந்தது 0.5 சதவீத பாஸ்வெல்லிக் அமிலம். வடித்த எண்ணெய் இல்லை. அந்த ஆய்வைக் காட்டி எண்ணெய் விற்பது நேர்மையில்லாத வேலை.

பிசினின் குணம்தான் வேண்டும் என்றால் ஊறல் எண்ணெய் போடுங்கள். செலவும் குறைவு. மயிலாப்பூரிலோ பாரிமுனைப் பக்கமோ நாட்டு மருந்துக் கடையில் "அண்ணே, குந்திரிக்கம், தூள் வேணாம், முத்து முத்தா இருக்கிறது" என்று கேட்டு வாங்குங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குங்கிலியம் வேறு மரத்துப் பிசின், சாம்பிராணியும் வேறு. அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

10 கிராம் பிசினை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு சின்ன உரலில் இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் சூட்டில் இளகி பிளேடு முழுக்க அப்பிக்கொள்ளும். இடித்ததை 100 மில்லி ஹோஹோபா எண்ணெயில் அல்லது செக்கு நல்லெண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 முதல் 65 டிகிரிச் சூட்டில் மூன்று மணி நேரம் விடுங்கள். அவ்வப்போது கிளறினால் போதும். நேரடி அடுப்பில் வைத்தால் பிசின் அடியில் பிடித்துக் கருகும், அந்த வாசம் எண்ணெயை விட்டுப் போகாது. எத்தனை நேரம் வைத்தாலும் அடியில் வெளிறிய கசடு ஒன்று கரையாமல் நிற்கும். அது பிசினிலுள்ள கோந்துப் பகுதி. தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. அதைக் கரைக்கிறேன் என்று சூட்டை ஏற்றாதீர்கள். இறக்கி, தெளிய விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மூடி போட்டுக் காய்ச்சினால் மூடியில் வேர்க்கும் நீர் எண்ணெயில் சொட்டும். ஒரு வாரத்தில் கலங்கல் தட்டுவதும், பிறகு கெட்ட வாடை வருவதும் பெரும்பாலும் இந்த ஈரத்தால்தான். வடிகட்டியதில் அரை கிராம் வைட்டமின் ஈ சேர்த்தால் சிக்கு வாடை சீக்கிரம் வராது. பாத்திரம் பழையதாக இருக்கட்டும், ஒட்டிய பிசின் சோப்புக்கு அசையாது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

வடித்த எண்ணெயை முகத்துக்கு வாசனைக்காகச் சேர்ப்பதில் தப்பில்லை, அளவுதான் முக்கியம். முகத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம், உடம்புக்கு இரண்டு சதவீதம் வரை. 30 மில்லி எண்ணெயில் ஒரு சதவீதம் என்பது 0.3 மில்லி, சுமார் 6 முதல் 8 சொட்டு. சொட்டின் பருமன் குப்பிக்குக் குப்பி மாறும். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே வேண்டாம், 30 கிராமுக்கு 0.3 கிராம். கலக்காமல் அப்படியே தடவச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். உள்ளுக்குக் குடிக்கச் சொல்பவர்களை இன்னும் தள்ளியே வையுங்கள்.

அடுத்த தப்பு ரொம்பப் பேர் செய்வது: பன்னீரிலோ கற்றாழை ஜெல்லிலோ நாலு சொட்டு விட்டுக் குலுக்குவது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். குலுக்கியவுடன் பால் மாதிரி கலங்கும், கொஞ்ச நேரத்தில் மேலே கண்ணாடியை ஒட்டி மெல்லிய வளையமாக எண்ணெய் திரும்ப வந்து நிற்கும். அந்த வளையம் கலக்காத எண்ணெய். அது கன்னத்தில் விழும் இடத்தில்தான் எரிச்சலும் சிவப்பும். தண்ணீரில் கலக்க வேண்டுமானால் பாலிசார்பேட் 20 மாதிரி ஒரு கரைப்பான் வேண்டும், எண்ணெய்க்கு நான்கு பங்காவது. தண்ணீர் உள்ள எதற்கும் பூஞ்சை வராமல் தடுக்கும் பொருளும் வேண்டும். வீட்டில் இதெல்லாம் எதற்கு? எண்ணெயோடு எண்ணெயாகவே கலந்து, ஈர முகத்தில் இரண்டு மூன்று துளி தேய்த்துக்கொள்ளுங்கள். முகப்பரு வரும் தோல் என்றால் தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டாம்.

பழைய எண்ணெய்தான் உண்மையான ஆபத்து. பைனீனும் லிமோனீனும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து, தோலில் ஒவ்வாமை கிளப்பும் பொருட்களாக மாறும். நம்ம ஊர் மே மாத வெயிலில், குளியலறை அலமாரியில், பாதி காலியான குப்பியில் இது வேகமாக நடக்கும். அடையாளம் கேளுங்கள்: எலுமிச்சை வாசம் மங்கி பெயின்ட் தின்னர் வாடை தூக்கும், குப்பிக் கழுத்தில் பிசுபிசுப்பு சேரும், எண்ணெய் கொஞ்சம் கெட்டியாகும். அப்படிப்பட்டதை உடம்பில் போடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் அது போவதில்லை. அதே பொருள் சேர்ந்த சோப்பு, ஷாம்பு எதைத் தொட்டாலும் திரும்ப அரிக்கும். அதனால் குப்பியை ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், அளவு குறைந்தால் சின்னக் குப்பிக்கு மாற்றுங்கள், திறந்த ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புதிய கலவையை முழங்கையின் உட்புறத்தில் தினம் இருவேளையாக ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு போங்கள்.

வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த பேட்சின் ஜிசி-எம்எஸ் அறிக்கையைக் கேளுங்கள், எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ஆய்வக அறிக்கை அது, நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார். குந்திரிக்க மரங்களின் தாவரப் பெயர் பாஸ்வெல்லியா, அதில் பல வகை. பாஸ்வெல்லியா சாக்ராவில் பெரும்பாலும் ஆல்ஃபா பைனீன் முன்னால் நிற்கும். நம் நாட்டு செர்ராட்டாவில் பெரும்பாலும் ஆல்ஃபா தூஜீன். ஆக்டைல் அசிடேட் பாதிக்கு மேல் காட்டினால் அது எத்தியோப்பியா பக்கத்து பாப்பிரிஃபெரா, லேபிளில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி. அந்த பாப்பிரிஃபெரா மரங்களில் இளங்கன்றுகளே வளர்ந்து மேலே வருவதில்லை, இன்னும் 20 வருடத்தில் பிசின் விளைச்சல் பாதியாகக் குறையும் என்று 2019ல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் வந்த ஆய்வு எச்சரித்தது. பிசினில் எண்ணெய் சுமார் 5 முதல் 9 சதவீதம்தான் கிடைக்கும். இதையெல்லாம் யோசித்தால் அடிமாட்டு விலைக்கு வரும் குப்பியில் என்ன இருக்கும் என்று புரியும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். தெளிவான எண்ணெய்க் கறை பரந்து நின்றால் ஏதோ கனமான எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். டர்பென்டைன் கலப்படம் இந்தச் சோதனையில் மாட்டாது, அதற்கு அறிக்கைதான்.

வாசனைத் திரவியத்தில் எல்லோரையும் ஏமாற்றுவது ஒன்றுதான்: கோயில், சர்ச் வாசத்தை எதிர்பார்த்து வாங்குகிறார்கள், வருவதோ எலுமிச்சையும் மிளகும் பச்சை மரமும். அதுவும் சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்பதே அதிகம். பழைய சர்ச் வாசத்துக்கு முக்கியக் காரணமான இரண்டு அமிலங்களை பிரான்ஸின் நீஸ் நகர ஆய்வாளர்கள் 2016ல்தான் அடையாளம் கண்டார்கள், அவற்றுக்கு ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயர். எண்ணெயில் அவை மிகச் சொற்பம். ஆகவே அடியில் தாங்கிப் பிடிக்க வேறு சரக்கு வேண்டும். மேலே சொன்ன அளவு உடம்பில் பரவலாகத் தடவும் எண்ணெய்க்கு; ரோல்-ஆன் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளும் வாசனை என்பதால் அளவு கூடும். 10 கிராம் ரோல்-ஆனுக்கு நான் பரிந்துரைப்பது: குந்திரிக்க எண்ணெய் 0.4 கிராம், சந்தன எண்ணெய் 0.2, வெட்டிவேர் எண்ணெய் 0.1, ஆரஞ்சு எண்ணெய் 0.1, மீதி 9.2 கிராம் ஹோஹோபா. வெட்டிவேரைக் கூட்டாதீர்கள், 0.2 ஆனாலே மண் வாசம் குந்திரிக்கத்தை மூடிவிடும். கலந்த அன்றே முகர்ந்து தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள், வாசனைகளின் முனை மழுங்கி ஒன்றாகும். சாம்பிராணியைச் சேர்க்க ஆசைப்பட்டால், அதைக் கரைத்துப் பிரித்தெடுத்த சாறு ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், ஹோஹோபாவில் திரிந்து அடியில் உட்காரும். மெடிக்கல் ஸ்டோர் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை வைத்து ஸ்பிரே செய்யாதீர்கள், ஆஸ்பத்திரி வாடைதான் முந்தும்.

தியானத்துக்கு வருவோம். குந்திரிக்கப் பிசினில் இருக்கும் இன்சென்சோல் அசிடேட்டை எலிகளுக்குச் செலுத்தியபோது பதற்றம் குறைந்ததாக 2008ல் ஓர் ஆய்வு வந்தது. எண்ணெயைத் தண்ணீரோடு மெல்லிய ஆவியாக அறையில் பரப்பும் கருவியான டிஃப்யூசர் வைத்த மனிதருக்கு அதே நடக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. என் கருத்தில் பலன் பழக்கத்தில் இருக்கிறது. ஒரே வாசனை, ஒரே நேரம், அதே இடம் என்று பழகினால் முகர்ந்தவுடன் மூச்சு தானாக நிதானப்படும். அதனால் தியானத்துக்கு வைத்த வாசனையை ஆபீசுக்குப் பூசிக்கொண்டு போகாதீர்கள். இதற்கு டிஃப்யூசர்கூடத் தேவையில்லை. தடித்த தாளில் ஒரு சொட்டு விட்டு இரண்டடி தள்ளி வைத்தால் இருபது நிமிடம் தாராளம்.

டிஃப்யூசர்தான் என்றால் 100 மில்லிக்கு 3 சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு அப்படியே பொடியாகக் காற்றில் ஏறி டேபிள் மேல் வெள்ளையாகப் படியும், உங்கள் நுரையீரலுக்கும் அதுதான் போகும். ஆர்ஓ தண்ணீர் போதும். நாலைந்து முறைக்கு ஒருமுறை அடித்தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் பிசின் படிந்து ஆவி வருவதே நின்றுவிடும். இந்த எண்ணெய் சுமார் 33 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடக்கூடியது. அகல், கற்பூரத் தட்டு பக்கத்தில் குப்பியைத் திறக்கவே வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டில் டிஃப்யூசர் கூடாது, அதன் கல்லீரலால் இதைச் சரியாகக் கழிக்க முடியாது.

புகைதான் பிடிக்கும் என்பவர்கள் கொட்டாங்குச்சித் தணல் முழுக்கச் சாம்பல் பூத்த பிறகு அரைப் பட்டாணி அளவு பிசின் போடுங்கள். செந்தணலில் போட்டால் கருகிக் கரும்புகைதான் வரும். கடையில் விற்கும் வட்டக் கரியில் வெடியுப்பு இருக்கும், பொறி அடங்கி முழுசாக நரைக்கும் வரை காத்திருங்கள். ஏசி போட்டு மூடிய அறையில் புகை வேண்டாம், ஆஸ்துமா இருப்பவர் வீட்டில் எந்த அறையிலும் வேண்டாம். குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், நல்ல துண்டால் துவட்டினாலே ஈரம் போய்விடும்.