ஏற்காட்டில் நாம் பார்க்கிற பச்சை

மே மாதம் பிறந்தால் போதும், சேலத்துக்காரர்கள் பாதிப்பேர் ஏற்காட்டுப் படங்களாகப் போட்டுத் தள்ளுவோம். கூடவே ‘அடர்ந்த காடு’ என்று ஒரு வரி. அந்தப் படங்களில் தெரிவது பெரும்பாலும் காடே இல்லை, காப்பித் தோட்டம். சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும். பின்னாளில் அதற்கென்று ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக்கை நட்டார்கள். மளமளவென்று வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், முற்றினால் வெட்டி விற்கலாம். தோட்டக்காரர் ஏன் விடுவார்? அதன் அடியில் நின்று பாருங்கள். காலடியில் வெள்ளி பூசினாற்போலச் சருகு, தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் அதே இலை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

பழைய காட்டைப் பார்க்க மலையாளிகளின் கோயில் காட்டுக்குப் போக வேண்டும். (கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடிகள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.) சாமி இருக்கிற இடத்தில் கத்தி வைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் பாசி படிந்த பட்டை, தொடை கனத்துக்குக் கொடி, ஒன்றுக்கொன்று பின்னிய வேர். பக்கத்துத் தோட்டத்தில் வெயில் அடிக்கும்போது இங்கே மண் ஈரமாக இருக்கும்.

சேர்வராயன் கோயிலும் அவர்களுடையதுதான். குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக்கிராமங்கள் எல்லாம் திரளும். நமக்குத் தெரிந்ததோ கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். அந்தச் சாமி பெயரால் அழைக்கப்படுகிற மலையில்தான் பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள்.

இப்போது தோட்டங்களே மனைகளாகின்றன. நான் குறை சொன்ன சில்வர் ஓக் தோட்டம்கூட மழையை மண்ணில் இறங்க விடும், கான்கிரீட் விடாது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பது இந்த மலைத்தொடரில். மணிமுத்தாறு சேலத்துக்குள் சாக்கடையாக ஓடுவது நம் கைங்கரியம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

மலையாளிகளுக்கு நாம் காடு வளர்ப்புப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வன நிலத்தில் இருக்கிற கோயில் காடுகளையாவது ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து அளந்து, 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமையாக எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தில் வழி இருக்கிறது, அதிகாரிகள் மலையேறி வர வேண்டும், அவ்வளவுதான். நீர்ப்பிடிப்பு நிலத்தைக் கட்டடமாக்க அனுமதி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

அப்புறம், நான் போன கோயில் காடு எந்த ஊரில் இருக்கிறது என்று கமெண்டில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் வந்துவிடும்.