'பின்னால் வந்தவன் பார்த்து வந்திருக்க வேண்டும்' என்பது தீர்ப்பு அல்ல

நான்குவழிச் சாலையில் நின்ற லாரியின் பின்னால் கார் மோதி ஆள் இறந்துபோனால், நம் திருநெல்வேலிப் பக்கம் விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். 'பின்னால் வந்தவன்தானே பார்த்து வந்திருக்க வேண்டும்' என்ற அந்த வாக்கியத்தைத் துக்க வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். முதல் தகவல் அறிக்கையிலும் பல நேரங்களில் அதே எண்ணம்தான் எழுத்தாகிறது; இறந்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். பாளையங்கோட்டையில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில், இந்த அவசரத் தீர்ப்பு எத்தனை குடும்பங்களின் உரிமையைப் பறிக்கிறது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில், இந்த விபத்து ஏன் இவ்வளவு கொடூரமாக முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கார் எதிலாவது மோதினால், அதன் முன்பகுதி நசுங்கி, மோதலின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே அப்பகுதி அப்படி வடிவமைக்கப்படுகிறது. சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் அந்த ஏற்பாட்டை நம்பித்தான் வேலை செய்கின்றன. லாரியின் தளமோ காரின் பானட்டைவிட உயரத்தில் இருக்கிறது. பின்னால் உறுதியான தடுப்புக் கம்பி இல்லையென்றால் பானட் அடியில் நுழைந்துவிடுகிறது. நசுங்க வேண்டியது நசுங்காமலேயே, முதல் இடி முன் கண்ணாடியிலும் அதைத் தாங்கும் தூண்களிலும், அதாவது உள்ளே இருப்பவர்களின் தலை மட்டத்தில் விழுகிறது. அதனால்தான், சக்கரமும் என்ஜினும் ஓரளவு முழுசாக இருக்க, மேல்பாதி மட்டும் சீவி எடுத்ததுபோல் ஆன கார்களைப் பார்க்கிறோம். ஐ.எஸ். 14812 என்ற இந்தியத் தர அளவு, பின்பக்கத் தடுப்புக் கம்பியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். பக்கவாட்டுத் தடுப்புக்கு ஐ.எஸ். 14682 என்று தனித் தரம் இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் போகிறவர் சரிந்து லாரியின் பின்சக்கரத்தின் அடியில் போகாமல் காப்பது அது.

இனி நம் சாலைகளுக்கு வருகிறேன். தென்காசி வழியாகப் புளியரைக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டிப்பர்களின் பின்பக்கத்தை ஒருமுறை நின்று பாருங்கள். குவாரிப் பள்ளத்தில் தட்டுகிறது, லோடு கொட்டும்போது இடிக்கிறது என்று கம்பியை அறுத்துவிடுகிறார்கள், அல்லது மேலே மடக்கிக் கட்டிவிடுகிறார்கள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது மட்டும் அதே கம்பியைப் பற்றவைத்துக் கொண்டுபோகிற வழக்கமும் உண்டு. ஒளிரும் ஸ்டிக்கர்மேல் தூசி படிந்திருக்கும். பின்விளக்கைத் தார்ப்பாய் மூடியிருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காற்றாலைப் பாகங்களோடு வரும் நீண்ட ட்ரெய்லர்கள், தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றும் லாரிகள், மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை இரவு முழுவதும் ஓடும் சரக்கு வண்டிகள் எல்லாம் இதே சாலைகளில்தான் போகின்றன. பணகுடி, காவல்கிணறு பக்கம் சாரல் காலத்து இரவில், விளக்கில்லாமல் இடது தடத்தில் நிற்கும் லாரி கண்ணுக்குத் தெரிவதற்கும் மோதுவதற்கும் இடையே பிரேக் பிடிக்க நேரம் இருப்பதில்லை. பஞ்சரான லாரிக்குப் பின்னால் நாலு கல்லையும் ஒரு வேப்பங்கொப்பையும் வைத்தால் போதும் என்று இன்னும் நினைக்கிறோம். லாரி கிளம்பிய பிறகும் அந்தக் கற்கள் சாலையிலேயே கிடந்து இருசக்கர வாகனக்காரர்களைச் சாய்க்கின்றன.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. ஆபத்து உண்டாக்கும் வகையில் வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு. நின்றாலும் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 109-ஆம் விதி. வண்டியின் அமைப்பைச் சட்டவிரோதமாக மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கட்டுமான முறுக்குக் கம்பியை லோடாக ஏற்றி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனால் அபராதம் 20,000 ரூபாய். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை தண்டனை தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு ஆண்டாக இருந்தது.

இழப்பீட்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. இரவில் நெடுஞ்சாலையில் விளக்கும் எச்சரிக்கை அடையாளமும் இல்லாமல் விட்டுச்செல்லப்பட்ட ட்ரெய்லரில் கார் மோதிய வழக்கில், பாதிப் பிழை கார் ஓட்டியவருடையது என்று கீழ் நீதிமன்றங்களில் சொல்லப்பட்டதை 2024 செப்டம்பரில் அது ரத்து செய்தது; முழுப் பொறுப்பும் லாரி தரப்பினுடையது என்றது. காரை ஓட்டியவரிடம் பிழை இருந்தாலும், அதைக் காட்டி உடன் பயணம் செய்தவர்களின் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்றும் சொன்னது. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த குழந்தைக்கு என்ன பிழையைக் கற்பிப்பது?

எல்லா வழக்கிலும் லாரிதான் குற்றவாளி என்று நான் வாதிடவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் லாரியைப் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டே போய் மோதிய வழக்கில், 2018-இல் அதே நீதிமன்றம் கார் தரப்புக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. போதிய இடைவெளி விடுவது பின்னால் வருகிறவரின் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது, லாரியின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான். இதில் லாரி ஓட்டுநரை மட்டும் பிடித்து உள்ளே போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. கம்பியை அறுக்கச் சொன்னது பெரும்பாலும் அவர் இல்லை. கண் அயர்ந்தால் ஒதுங்கி நிறுத்த அவருக்கு இடமும் போதவில்லை. வண்டியின் உரிமையாளரும், அறுத்த கம்பியோடு வந்த வண்டியைக் கண்டும் காணாமல் விட்டவர்களும் விசாரணைக்குள் வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் விபத்து நடந்த இரவிலேயே அழிந்துவிடுகிறது. போக்குவரத்தைச் சீர்செய்யும் அவசரத்தில் கிரேன் வந்து காரை இழுக்கிறது; லாரி காவல் நிலையத்துக்குப் போகிறது. கம்பி இருந்ததா, எந்த உயரத்தில் இருந்தது, விளக்கு எரிந்ததா என்று மறுநாள் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே அங்கே நிற்பவர்கள், முதலில் அடிபட்டவர்களை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, லாரியின் பின்பக்கத்தை அது நின்ற இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். தடுப்புக் கம்பி, ஸ்டிக்கர், பின்விளக்கு ஆகிய மூன்றின் நிலையையும் அந்த அறிக்கையில் குறிக்கும்படி குடும்பத்தார் எழுத்திலேயே மனு கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனு போட ஆறு மாதக் கெடு இருக்கிறது என்பதால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே வழக்கறிஞரைப் பாருங்கள்.