தேடுவதற்கு யார் கூலி தருகிறார்கள்?

ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்புக்கு உழவு ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் டிராக்டரின் வலது பின்சக்கரத்தில் காற்று நிற்காமல் போனது. காற்றடித்ததும் 14 பவுண்டு இருக்கும். மறுநாள் விடிந்து பார்த்தால் 10. முழுக்க இறங்கியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்போம். இது அப்படியும் இறங்கவில்லை, நிற்கவும் இல்லை. ஓட்டுகிற தம்பி தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார். "ஓடுகிற வண்டி என்றால் இதெல்லாம் இருக்கும் அண்ணே" என்றார். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. இப்படியே இருபது நாள். அந்த டீசல் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன், புது டியூபின் விலையில் பாதிக்கு மேல் வந்தது.

டிராக்டரின் பின்டயரில் 4 பவுண்டு குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. எப்போதும் அது கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். கலப்பைக்குத்தான் முதலில் தெரியும். ஒன்பது கொத்துக் கலப்பை வலப்பக்கம் ஆழமாகவும் இடப்பக்கம் மேலாகவும் கீறியதை நான் மண்ணின் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வால்வு தன் துளைக்குள் சாய்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. காற்றுக் குறைந்த டயர் இழுவையில் ரிம்மின்மேல் நழுவும். டியூபும் கூடவே நகரும். விட்டுவைத்தால் ஒருநாள் வால்வு அடியோடு கிழியும், அப்புறம் ஒட்ட எதுவும் இருக்காது.

பஞ்சர் கடைக்குப் போனோம். டியூபை உருவினார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், ரப்பர் பட்டி வைத்து ஒட்டினார்கள், டயருக்குள் கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடினார்கள். 500 ரூபாய். மூன்றாம் நாள் காலையில் மறுபடி 10 பவுண்டு. திரும்பப் போனோம். முதல் பட்டிக்கு நான்கு விரல் தள்ளி இன்னொரு ஓட்டை, இன்னொரு பட்டி, இன்னொரு 500.

நான் அந்தக் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் வாசலில் இரண்டு லாரி நின்றது. பட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குக் கூலி. ஓட்டை ஏன் விழுந்தது என்று அரைமணி நேரம் டயரைத் தடவிக்கொண்டிருந்தால் யார் காசு கொடுப்பது? நாம் கொடுப்பதில்லை. "சும்மா பார்த்ததற்கா காசு?" என்று கேட்கிற ஊர் இது. பம்ப்செட்டு மோட்டாருக்கும் இதே கதைதான்: எரிந்த காயிலைச் சுற்றித் தருவார்கள், எதனால் எரிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முப்பது வருடம் லாரி ஓட்டிய சித்தப்பாவை வரவழைத்தேன். முதலில் வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்தார். குமிழி வரவில்லை. நான் சோப்புத் தண்ணீரைச் சக்கரம் முழுக்க ஊற்றினேன். ரிம்மில் வால்வு வெளியே வருகிற துளையில் நுரை கிளம்பியது. "வால்வுதான் சித்தப்பா!" என்று குதித்தேன். அவர் சிரித்தார். டியூபில் எந்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் காற்று டயருக்குள்ளேயே சுற்றி, கிடைத்த சந்து வழியாகத்தான் வெளியேறும், அந்தச் சந்து பெரும்பாலும் வால்வுத் துளைதான் என்றார். அந்த நுரையை நம்பி நல்ல டியூபைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் இரண்டு முறையும் கடையில் செய்யவில்லை. டயரைப் பிரிப்பதற்கு முன், வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டியூபை உருவிக் கொஞ்சம் காற்றடித்து, மாட்டுத் தொட்டியில் பகுதி பகுதியாக அமுக்கினோம். இருபது எண்ணுவதற்குள் ஒரே ஒரு குமிழி, இரண்டு பட்டிகளுக்கும் நடுவில். அந்த இடத்தில் குறி வைத்து, எந்த முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அப்படியே டியூபை டயர்மேல் சாய்த்து, வால்வைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினோம். தேட வேண்டிய இடம் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

கையால் தடவினேன், ஒன்றும் படவில்லை. சித்தப்பா பழைய வேட்டித் துணியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் துணி பிடித்துக்கொண்டது. நகத்தை வெட்டி எறிந்த துண்டு அளவுக்குக் கருப்பாக ஒரு முனை. சீமைக் கருவேல முள். வெளியே பட்டனின், அதாவது டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டையின், அடியோடு ஒடிந்து மண் மூடியிருந்ததால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சக்கரம் சுற்றும்போதெல்லாம் அது டியூபைக் குத்தியிருக்கிறது. குறட்டால் உள்பக்கமாக இழுத்தபோது ஒரு அங்குலத்துக்கு மேல் வந்தது. எங்கள் இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த மரத்தைப் பற்றி நான் புதிதாகத் திட்டிக் காட்ட வேண்டியதில்லை.

ஒட்டுகிற வேலை பத்து நிமிடம். அரத்தால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பட்டியை வைத்துத் தட்டினோம். காயும் வரை பொறுக்காமல் ஒட்டினால் பட்டி நிற்காது. மறுநாள் விடிகாலை, வெயில் ஏறுவதற்கு முன் அளந்தேன். மத்தியானச் சூட்டில் அளந்தால் காற்று விரிந்து ஒன்றிரண்டு பவுண்டு கூடவே காட்டும், இறங்கியது தெரியாது. 14 இருந்தது. ஒரு வாரம் கழித்தும் 14.

போன வாரம் இடது முன்சக்கரத்தில் சந்தேகம் வந்தது. அதே கடைக்குத்தான் போனேன். "ஒட்டுவதற்கு உங்கள் வழக்கமான கூலி. டயரைத் தேடுவதற்குத் தனியாக 200 தருகிறேன்" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, அந்தச் சாக்பீஸை எடு" என்றார்.